மாற்றிருக்கை

ஆவுடையம்மாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கிணற்றில் வாளியை இறக்குவாள். ஒரு வாய்த் தண்ணீரை எடுத்து, உடனே விழுங்காமல், நாக்கின் மேல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பாள். பிறகுதான் இடுப்பில் செருகியிருக்கும் உப்புமானியை உருவி வாளிக்குள் முக்குவாள். பேனா அளவில் இருந்த அந்தக் கருவி, தான் கண்டதை அந்த நொடியே ஆற்றுச்சபைக்கு அனுப்பிவிடும். நாக்கு கண்டதை யாருக்கும் அனுப்ப வழியில்லை. அதை அவளேதான் சுமந்துகொண்டு திரிய வேண்டும். சபையின் விதிப்படி இரண்டும் வேண்டும்.

அன்று கருவி நேற்றைய எண்ணையே காட்டியது. நாக்கு அதற்குச் சம்மதிக்கவில்லை.

“எப்படி இருக்குக்கா இன்னைக்கு?” என்று அடுப்படியிலிருந்து ஜெசிந்தா கேட்டாள்.

“உலை வைக்கும்போது உப்பு போடாண்டாம். தண்ணியே போட்டுக்கிடும்” என்றாள் ஆவுடை.

ஜெசிந்தா சிரித்தாள். வெயில் ஏறுவதற்குள் இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மட்டிச் சிப்பி அள்ளக் கிளம்பினார்கள். இப்போதெல்லாம் அந்தக் கடற்கரையில் காலை வெயில் சுள்ளென்று ஏறியதும் சங்கு ஊதிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெளியே வேலை செய்யக் கூடாது. வெயில் தாழ்ந்து மறுசங்கு ஊதும்வரை ஊரே வீட்டுக்குள் கிடக்கும்.

ஊரின் பெயர் பழையதுறை. தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்தது. கடல் உயர்ந்துகொண்டே வந்ததில் கிழக்குத் தெருக்கள் இரண்டு போய்விட்டன. பழைய மாதா கோயிலின் மணிக்கூண்டு மட்டும் தண்ணீருக்குள் நின்றது; வள்ளக்காரர்கள் அதில் கயிறு கட்டினார்கள். புதுக் கோயிலை மேட்டில் தூண்கள் மேல் கட்டியிருந்தார்கள். இந்த ஊருக்கு வந்து ஆவுடைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் அலைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. இப்போது அது காதில் விழுவதே இல்லை.

அவள் இந்த ஊர்க்காரி இல்லை. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கால்வாயின் முதல் மதகை ஒட்டி இருக்கும் வேம்படிக்கால் அவளுடைய ஊர். வீட்டு வாசலிலேயே தண்ணீர் ஓடும். தலைமடை என்று சொல்வார்களே, அது. அங்கே அவளுக்கும் கணவன் சொரிமுத்துவுக்கும் நெல் வயல்கள் உண்டு. விவசாயிகள் சங்கத்தில் அவள் பேச எழுந்தால் அதிகாரிகள் ஓடுவதற்குச் செருப்பைத் தேடுவார்கள் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அவள் வாயிலிருந்து வந்து ஊர் முழுக்கப் பரவிய ஒரு பேச்சு உண்டு: “கடலுக்குப் போற தண்ணி செத்த தண்ணி.” அதைச் சுவரில்கூட எழுதி வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் சீட்டு பழையதுறைக்கு அனுப்பியிருந்தது.

ஆவுடையின் அம்மா காலத்தில் ஆற்றுக்கு ஒரு நிழலாறு செய்தார்கள். மலையில் இருக்கும் ஒவ்வொரு சுனை, ஒவ்வொரு மதகு, ஒவ்வொரு கிணறு என்று எல்லாவற்றையும் கணிப்பொறிக்குள் அப்படியே வார்த்து, உண்மை ஆறு நாளைக்கு என்ன செய்யும் என்பதை அது இன்றைக்கே செய்து காட்டும்படி வைத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் நிழலாறே சொன்னது. சொன்ன கணக்கில் பிழை இருக்கவில்லை. ஆனால் ஒருவரும் ஏற்கவில்லை. வறட்சி வந்த வருடத்தில் மதகுப் பலகைகளைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். அணைக்கட்டின் மேல் ரத்தம் சிந்தியது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்வது இயந்திரத்தின் வேலை, யார் வயிற்றில் ஈரத்துணி போட வேண்டும் என்று சொல்வது அதன் வேலை இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பிறகு வந்ததுதான் ஆற்றுச்சபை. அரசு வைத்த பெயர் வேறு. ஜனங்கள் அதைப் பங்காளிகள் சபை என்றார்கள். நெல், வாழை, நகரக் குடிநீர், ஆலைகள், மலைக்காடு, முகத்துவாரம் என்று ஒவ்வொரு பங்குக்கும் ஓர் இருக்கை. பங்காளி என்று ஆனபிறகு சண்டைக்குக் கேட்பானேன். அவரவர் பங்குக்கு அவரவர் கத்தினார்கள். தொண்டை பெரியவன் தண்ணீரைக் கொண்டுபோனான். சபை கலையப்போகிற நிலையில்தான் யாரோ மாற்றிருக்கை என்ற யோசனையைச் சொன்னார்கள்.

ஒருவரும் தன் பங்குக்காகப் பேசக் கூடாது. அவ்வளவுதான் விதி. ஆனி மாதம் திருவுளச்சீட்டு போடுவார்கள். யாருக்கு எந்த இருக்கை விழுகிறதோ, அவர் ஆடியில் அந்த ஊருக்குப் போய், அந்த ஜனங்களோடு தங்கி, அவர்கள் குடிக்கிறதைக் குடித்து, அவர்கள் செய்கிற வேலையைச் செய்துவிட்டு, புரட்டாசியில் சபை கூடும்போது அவர்களுக்காகப் பேச வேண்டும். பேசி முடித்ததும் அந்த ஊர்க்காரர் ஒருவர் சாட்சியாக எழுந்து ஒரே வார்த்தை சொல்வார்: ‘சொல்லியாச்சு’ அல்லது ‘சொல்லலை’. சொல்லவில்லை என்று சாட்சி சொல்லிவிட்டால் சபை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மறுபடியும் பேச வேண்டும்.

அந்த வருடம் சீட்டு குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருந்தது. முகத்துவார இருக்கை ஆவுடைக்கு. நெல் இருக்கை, பழையதுறையில் வள்ளம் வைத்திருந்த இஞ்ஞாசிக்கு. இஞ்ஞாசி ஜெசிந்தாவின் கணவன். அதனால் அவன் வேம்படிக்காலில் ஆவுடையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அவள் இங்கே வந்து அவன் வீட்டில் இருந்தாள்.

சொரிமுத்து ஒருநாள் விட்டு ஒருநாள் அழைத்துப் பேசுவான். இஞ்ஞாசி முதல் நாள் வயலின் தொழிச்சேற்றில் வழுக்கி உட்கார்ந்ததையும், எலிவளையில் தண்ணீர் கசிவதைப் பார்த்துத் தன் சொந்த வள்ளத்தில் ஓட்டை விழுந்தது மாதிரி பதறியதையும் சொல்லிச் சிரிப்பான். இப்போது கார் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்சுவதே அவன்தானாம். சொரிமுத்துவுக்கு முன்னால் எழுந்து வரப்பைச் சுற்றிவிட்டு வருகிறானாம். “வயலுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி இருக்கு. நீ அங்க என்ன செய்யுத?” என்று கேட்பான். மட்டி அள்ளுகிறேன் என்று அவள் சொன்னால் அவனால் நம்ப முடியாது.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, காலால் சேற்றைத் துழாவி, கால்விரலில் தட்டுகிற மட்டியைக் குனிந்து எடுக்க வேண்டும். நாற்று நடுகிறவளுக்குக் குனிவது புதிதில்லை. ஆனால் கண்ணால் பார்க்காமல் காலால் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு அவளுக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. கற்றுக்கொண்ட பிறகு கூடையில் விழுந்ததெல்லாம் நகத்தளவு மட்டிதான். உள்ளங்கை நிறைய இருக்கும் மட்டியை தான் சிறுமியாக இருந்தபோது பார்த்ததாக ஜெசிந்தா சொன்னாள். ஆற்றுத் தண்ணீரும் கடல்தண்ணீரும் கலந்தால்தான் அது பெருக்கும். வெறும் உப்பில் கிடந்தால் உயிரை வைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவே.

ஆவணியில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. ஆற்றில் மணலைத் தள்ளும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. கடல் மணலைக் கொண்டுவந்து குவித்துக் குவித்து வாசலை மூடிவிட்டது. உள்ளே தேங்கிய நீர் பச்சையாகி, மடவை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கடலுக்குப் போக வேண்டிய மின்வள்ளங்களை ஊரே சேர்ந்து மணல்திட்டின் மேல் இழுக்க வேண்டியிருந்தது. ஆவுடையும் வடத்தைப் பிடித்தாள். உள்ளங்கை கன்றிப்போயிற்று. இழுத்து முடித்து மணலில் உட்கார்ந்தபோது, இதற்கு என்ன வழி என்று ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

“ஐப்பசி பிறக்கும்போது ஆறு ஒரு தடவை நல்லா வரணும்க்கா. மணல் உடையுற அளவுக்கு. உடைஞ்சிட்டா போதும், அதுக்கப்புறம் கடலே பாத்துக்கிடும். கிணறும் இனிச்சிடும், இறால் குஞ்சும் உள்ள ஏறிடும்.”

ஐப்பசி பிறக்கும்போது வேம்படிக்காலில், கார் அறுத்த பிறகு வரும் பிசான நெல்லுக்கு நடவு. ஆற்றை அப்போது கால்வாய்க்கு மடைமாற்றினால்தான் நாற்று மண்ணில் பிடிக்கும். அந்த வருடம் ஆடிச் சாரல் ஏமாற்றியிருந்தது; அணையில் பாதித் தண்ணீர்கூட இல்லை. வடகிழக்கு மழையும் பிந்தும் என்று நிழலாறு காட்டிவிட்டது. இருக்கிற தண்ணீர் ஒன்று நடவுக்கு, இல்லையென்றால் மணலுக்கு. ஆவுடை வடத்தை மடித்து வைத்தாள்.

சபைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பேச்சிமுத்து அவளைப் பார்க்க வந்தான். சொரிமுத்துவின் தம்பி. இரண்டு சீப்பு நாட்டுப்பழமும் ஒரு பொட்டலம் அல்வாவும் கொண்டுவந்திருந்தான். ஜெசிந்தா மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள், மரியாதையாகச் சாப்பிட்டான். பிறகு அவளை வெளியே அழைத்துக்கொண்டுபோய், அடைத்துக் கிடந்த முகத்துவாரத்தைப் பார்த்தபடி நின்றான்.

“உங்களைப் பொய் சொல்லச் சொல்லல மைனி. சொல்லுதத கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. அது போதும்.”

 அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. ஒரு வருடம் நடவு தப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? அவன் பிள்ளைகளை அவள்தானே இடுப்பில் தூக்கி வளர்த்தாள்? பஸ் ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கையசைத்தாள். எதற்குக் கையசைத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றங்கரையிலேயே சபை மண்டபம். நடுவில் நீளமான மேசை. மேசையின் மேல் மலை முதல் கடல்வரை நிழலாறு ஒளியாக ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருக்கைகள். பின்னால் படிவரிசையில் ஊர்ஊராக ஜனங்கள். வேம்படிக்கால் ஆட்கள் மேற்குப் பக்கம், சொரிமுத்து சாட்சியின் இடத்தில். பழையதுறை ஆட்கள் கிழக்குப் பக்கம், அவர்களுக்குச் சாட்சி ஜெசிந்தா. நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். ஆவுடையைப் பார்த்துத் தலையசைத்தாள். எதிரே நெல் இருக்கையில் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தான். வெயிலில் கறுத்திருந்தவன் இன்னும் கறுத்து, முழங்கால் வரை சேற்றுப்புண் ஆறிய தழும்போடு இருந்தான்.

ஆவுடை எழுந்தாள். மட்டியைப் பற்றிச் சொன்னாள். கிணற்றைப் பற்றிச் சொன்னாள். மணலில் வள்ளம் இழுத்ததைச் சொல்லி உள்ளங்கையைக் காட்டினாள். மிதந்த மடவையைப் பற்றிச் சொன்னபோது மண்டபத்தில் பலர் உச்சுக்கொட்டினார்கள். இவ்வளவு கஷ்டத்தில் இருக்கும் ஜனங்களுக்கு, மற்ற பங்குகளுக்கெல்லாம் போக மிஞ்சுகிற தண்ணீரையாவது ஐப்பசியில் இரக்கப்பட்டு விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றாகத்தான் பேசினோம் என்று தோன்றியது. வேம்படிக்கால் பக்கம் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

சபைத்தலைவி கிழக்குப் பக்கம் திரும்பி, முகத்துவாரத்தின் சாட்சியைக் கேட்டாள்.

ஜெசிந்தா எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். 

“சொல்லலை” என்றாள்.

 காரணம் சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை. ஆனாலும் ஜெசிந்தா உட்காரவில்லை.

“அக்கா பொய் ஏதும் சொல்லல. எல்லாம் உள்ளதுதான். ஆனா அவங்க கேக்கல, இரந்தாங்க. மிச்சம் மீதி இருந்தா குடுங்கன்னாங்க. நாங்க மிச்சத்துல இருக்கிற ஆளுங்க இல்ல.”

ஆவுடைக்குக் காதுமடல் சுட்டது. இந்தப் பெண்ணோடு ஒரே பாயில் படுத்து, ஒரே கூடையில் மட்டி போட்டவள் அவள். ஊர் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று முதலில் மனம் பொங்கியது. அதன் பின்னாலேயே, ஜெசிந்தா சொன்னது சரிதான் என்பதும் வந்து நின்றது. ஆவுடை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பேசவுமில்லை. நினைக்காமலே மெதுவாகச் சொல்லியிருந்தாள். இத்தனை நாள் அவர்கள் தண்ணீரைக் குடித்த பிறகும், பேச எழுந்தபோது அவள் நின்றிருந்தது வேம்படிக்கால் வரப்பில்தான்.

சபை சற்று நேரம் கலைந்தது. அவள் வெளியே வந்து ஆற்றைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அணைக்கட்டுக்குக் கீழே ஆறு கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. சொரிமுத்து இரண்டு குவளையில் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தான். பக்கத்தில் நின்று, தன்னுடையதை ஊதி ஊதிக் குடித்து முடித்தான்.

“நான் வேணா வெளிய நிக்கட்டுமா?” என்று கேட்டான். “சாட்சிக்கு வேற ஆளைப் போட்டுக்கிடலாம். என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உனக்குச் சொல்ல வராதுல்லா.”

முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிற மனிதன். அவன் இப்படி ஒரு வார்த்தை சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

“வேண்டாம். நீங்க உள்ளயே இருங்க” என்றாள். “நீங்களும் கேக்கணும்லா.”

மறுபடி மணி அடித்தது. ஆவுடை எழுந்து நின்றாள். இம்முறை உள்ளங்கையைக் காட்டவில்லை. நிழலாறு ஓடும் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், கடல் இருக்கும் முனையில் நின்றுகொண்டாள்.

“நான் மலைப்பக்கத்துல இருந்து வந்தவ. அங்க நின்னு பாத்தா இந்த ஊரு ஆத்துக்குக் கடைசி. இங்க நின்னு பாத்தா அப்படித் தெரியல. இங்கதான் ஆத்துக்கு வாசல். வாசலை அடைச்சிட்டு வீட்டுக்குள்ள யாரு எத்தனை நாள் இருக்க முடியும்?” என்று தொடங்கினாள். “அணையில இருக்கிற தண்ணியில முதல்ல முகத்துவாரத்துக்கு அளந்து வைங்க. மணல் உடையுற அளவுக்கு, ஐப்பசி பிறக்கும்போது. அதுக்குப் பிறகு மிச்சம் என்ன இருக்குன்னு மத்த பங்குக்குப் பாருங்க. நெல்லுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். இது நாங்க இரந்து கேக்கிறது இல்ல. எங்க பங்கு.”

மேற்குப் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பேச்சிமுத்து எழுந்து வெளியே போவதை அவள் கடைக்கண்ணால் பார்த்தாள். சொரிமுத்து அசையாமல் இருந்தான். மண்டபத்தில் பாதிப்பேருக்கு அவள் யார் என்று தெரியும். சுவரில் எழுதியிருக்கும் வாசகம் யாருடையது என்றும் தெரியும். அவள் அதையும் விடவில்லை. கடலுக்குப் போகிற தண்ணீர் செத்த தண்ணீர் என்று முன்பு சொன்னது தான்தான் என்றும், அது சாவதை இத்தனை நாள் தேடிப் பார்த்ததில் தன் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தலைவி கேட்பதற்கு முன்பே ஜெசிந்தா எழுந்துவிட்டாள்.

“சொல்லியாச்சு.”

அடுத்து இஞ்ஞாசி. அவனுக்கு மேடைப்பேச்சு வராது, தாளையும் வைத்துக்கொள்ளவில்லை. நடவு தப்பினால் போவது நெல் மட்டும் இல்லை என்றான். விதைநெல் போகும், மாட்டுக்கு வைக்கோல் போகும், அக்கரையிலிருந்து நடவுக்கு வரும் பெண்களின் ஒரு பருவக் கூலி போகும், அவர்கள் வேறு ஊர் பிழைக்கப் போய்விட்டால் அடுத்த வருடம் தண்ணீர் இருந்தாலும் நடுவதற்குக் கை இருக்காது. ஒன்று ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தவன், தன் வீட்டுக் கிணறு இருக்கும் திசையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நடவுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லும் உரிமை இந்தச் சபையில் யாருக்கும் இல்லை என்று முடித்தான். கிழக்குப் பக்கம் அவன் சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சொல்லியாச்சு” என்றான் சொரிமுத்து. பிறகு, சட்டப்படி வேண்டாததை அவனும் சேர்த்துக்கொண்டான். “நானே பேசியிருந்தா இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன்.”

இனி என்ன செய்வது? இரண்டு பங்கும் முழுதாகக் கேட்கப்பட்டுவிட்டது. இரண்டுக்கும் தண்ணீர் இல்லை. ஆனால் மண்டபத்தில் சத்தம் எழவில்லை. தன் பங்குக்காக எதிராளியே இப்படி நின்று பேசிய பிறகு, அவனை எதிர்த்துக் கத்துவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. நகரக் குடிநீருக்காகப் பேசவந்த வாழைத் தோட்டக்காரர்தான் முதலில் இறங்கிவந்தார். தூத்துக்குடிக் குடியிருப்புகள் அந்த மாதம் முழுக்க ஆலைகள் கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் தண்ணீரையே குடித்துக்கொள்ளும், அதன் சப்பென்ற ருசியோடு என்றார். நகரச் சாட்சி முகத்தைக் கோணிக்கொண்டே சம்மதித்தார். ஆலைகளும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நிழலாற்றில் ஒளி கூடிக் குறைந்து வழி காட்டியது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிவாகிவிட்டது: ஐப்பசிப் பிறப்பில் மணல் உடையும் அளவுக்கு ஆறு கடலுக்கு விடப்படும். நெல்லில் மூன்றில் ஒரு பங்கு வயல்கள் அந்தப் பருவம் தரிசு கிடக்கும். அவற்றில் பிறகு உளுந்து விதைத்துக்கொள்ளலாம். எந்த வயல்கள் என்பதற்கும் சீட்டுத்தான். ஆவுடையின் கீழ்வயல் தரிசில் விழுந்தது. பேச்சிமுத்துவின் வயலில் பாதியும் விழுந்தது.

தண்ணீர் விட்ட அன்று காலையில் அவள் வேம்படிக்காலில் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். மதகுப் பலகை இறங்கியது. கால்வாயில் தண்ணீர் மட்டம் அவள் கண்முன்னாலேயே சரிந்து, கரையில் ஈரக்கோடு மட்டும் நின்றது. தெருவில் யாரும் அவளோடு பேசவில்லை. அவளுக்கும் வருத்தம் இருக்கத்தான் செய்தது. நடவு இல்லாமல் கிடக்கப்போவது அவள் வயலும்தானே. ஆனால் அதே நேரத்தில் அவள் மனம், அந்தத் தண்ணீர் இப்போது எந்த ஊரைத் தாண்டியிருக்கும், எந்தப் பாலத்தடியில் போய்க்கொண்டிருக்கும் என்று பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

முகத்துவாரம் உடைந்த அன்று ஜெசிந்தா அழைத்தாள். கைபேசியை ஆற்றை நோக்கித் திருப்பிப் பிடித்தாள். மணல்திட்டு நடுவில் பிளந்து, பழுப்பு நீர் பாய்ந்துகொண்டிருந்தது. இஞ்ஞாசியும் மற்றவர்களும் கரையில் கூத்தடித்தார்கள். ஆவுடையின் பின்னால் நின்று எட்டிப் பார்த்த சொரிமுத்து, “எம்மாடி, எவ்வளவு தண்ணி” என்றான். அதில் வருத்தம் எவ்வளவு, வியப்பு எவ்வளவு என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

மழை பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. நட்ட வயல்களில் நெல் விளைந்தது. தரிசில் போட்ட உளுந்து சுமாராகக் காய்த்தது. மாசியில் அறுவடைக்கு இஞ்ஞாசியும் ஜெசிந்தாவும் கூடை நிறையக் கருவாட்டோடு வந்து சேர்ந்தார்கள். இஞ்ஞாசி யாரையும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி, எந்தக் கண்டத்தில் கதிர் சாய்ந்திருக்கிறது, எங்கே எலி வெட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தான். சங்கத்தில் ஆவுடையை இப்போது பேசக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. அவள் எந்தப் பக்கம் பேசுவாள் என்று சொல்ல முடியவில்லை என்றார்கள். அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ‘நம்ம கிணறு’ என்று அவள் ஏதாவது சொன்னால், எந்தக் கிணறு என்று சொரிமுத்து ஒருமுறை கேட்டுக்கொள்வான்.

பேச்சிமுத்து மட்டும் சபை முடிந்த நாளிலிருந்து அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் மாட்டைப் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொள்வான். பிள்ளைகளை அனுப்பிக் குழம்பு வாங்கிக்கொள்வான், தான் வரமாட்டான்.

ஆனியில் ஒரு சாயங்காலம் அவன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னாள். வந்து, நாற்காலி இருக்க, தரையில் உட்கார்ந்தான். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். பாதி குடித்த பிறகு சொன்னான், தனக்குச் சீட்டு விழுந்திருக்கிறதாம். நகரக் குடிநீர். தூத்துக்குடியில் பதினாலாவது மாடியில், யாரோ ஒரு குடும்பத்தோடு, ஆடி முதல். அந்த ஜனங்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறதாம், பாதி நாள்.

போனால் என்ன கொண்டுபோக வேண்டும், மாடியில் எப்படித் தூங்குவது என்றெல்லாம் கேட்டான். அவள் தெரிந்ததைச் சொன்னாள். ஆனால் அவன் கேட்க வந்தது அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“மைனி” என்றான் கடைசியில், டம்ளரைப் பார்த்துக்கொண்டு. “போயிட்டு வந்தா பழையபடி இருக்க முடியுமா?”

 அவனுக்குப் பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை.

“முடியாது” என்றாள்.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அதில் அவன் தேடிய துக்கம் இல்லை. தெருவில் கால்வாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மீதிக் காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

“அப்பம் மாட்டை நீங்கதான் பாத்துக்கிடணும்” என்றான். “செவலை கொஞ்சம் முட்டும். பருத்திக்கொட்டை வச்சாத்தான் கிட்ட விடும்.”